தப்பு கையில இல்ல மச்சி

என் ரூம்மேட்டுக்கு ஊர் கல்வராயன் மலைல வெள்ளிமலை. அவங்க அண்ணனுக்கு ப்ளஸ் டூல கிடைச்ச அரசு லேப்டாப்லதான் கம்ப்யூட்டர் பழகினான். அதுல விண்டோஸோட, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அந்தப் பக்கம் வீட்ல யாரும் போனதில்லையாம்.

காலேஜ்ல பிசிபி வரையுற லேப் முழுக்க உபுண்டு. பின்ல வயரை வைக்கப் போனா கர்சர் தாண்டி ஓடிடும். "மரவள்ளி புடுங்கின கை மச்சி, இவ்ளோதான் வரும்"னு சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல.

மவுஸை வேகமா இழுத்தா, அதே தூரத்துக்குக் கர்சரைக் கூடுதலா ஓட்டுறதுக்குப் பேர் ஆக்சிலரேஷன். விண்டோஸ் போடுற கணக்கு வேற, லினக்ஸ் போடுறது வேற. ஒண்ணுல பழகின கை இன்னொண்ணுல தடுமாறத்தான் செய்யும்.

விண்டோஸ்ல 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துட்டு, வேகத்தை 11 படியில நடுவுல, அதாவது 6-ல வைங்க. உபுண்டுல மவுஸ் ஆக்சிலரேஷனை ஆஃப் பண்ணி, ஸ்பீடை நடுவுல விடுங்க. திரை ஸ்கேலிங் ரெண்டுலயும் 100% இருக்கட்டும். இப்போ 1000 டிபிஐ மவுஸ் ஒரு இன்ச் நகர்ந்தா கர்சர் 1000 பிக்சல் போகும், எதுல சொருகினாலும்.

ஸ்கேல் வச்சு அளந்தோம். அவனோட 1366 பிக்சல் திரையைத் தாண்ட மூன்றரை சென்டிமீட்டர். லேப்ல 1920-க்கு கிட்டத்தட்ட அஞ்சு. திரை பெருசு, அவ்ளோதான்.

போன வாரம் அவன் போர்டு முழுசா ரூட் ஆச்சு. மரவள்ளியப் பத்தி யாரும் பேசல.