நெஞ்சகமும் நினைவகமும்

திருநின்றவூர் என்றதும் தமிழ் பயின்றோர் உள்ளத்தில் தோன்றுபவர் பூசலார் நாயனார். கையில் பொருளின்றி, மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பியவர். காஞ்சியில் கற்கோயில் கட்டிய மன்னன் குறித்த நாளும் அவர் குறித்த நாளும் ஒன்றாயின என்பார் சேக்கிழார். அவ்வூரில் குடியிருக்கும் எனக்கோ மனமும் போதவில்லை; கணிப்பொறியின் நினைவகமும் போதவில்லை.

என் தந்தையார் அரபுத்தமிழில் எழுதிவைத்த முனாஜாத்துப் பாடல்களின் ஏடு ஒன்று எங்கள் இல்லத்தில் உண்டு. தொட்டால் தாள் உதிர்கிறது. அதனை ஸ்கேன் செய்து, படத்தைத் திரையில் திறந்துவைத்துத் தமிழ் எழுத்துக்கு மாற்றி வந்தேன். மங்கிய சொற்களைப் படித்துச் சொல்ல எஞ்சியிருப்பவர் தந்தையாரின் தங்கை, எங்கள் மாமி ஒருவரே. அவருக்கும் கண்பார்வை குறைந்து வருகிறது. ஒருநாள் மாலை பொறி உறைந்து நின்றது. சேமிக்காதிருந்த பதினொரு பாடல்கள் மறைந்தன.

வன்தட்டு நூலக அலமாரி என்றால், நினைவகம் படிப்பதற்கு விரித்த மேசை. மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். சீறாப்புராணத்தின் 5,027 விருத்தங்களையும் தட்டச்சிட்டால் சில மெகாபைட்டுக்குள் அடங்கும். ஆனால் ஓர் ஏ4 தாளை 600 புள்ளி அடர்த்தியில் வண்ணப்படமாக விரித்தால், அது ஒன்றே நூறு மெகாபைட்டைத் தாண்டும். என் பொறியில் இருந்ததோ 2 ஜிகாபைட். அதிலும் பெரும்பங்கு பிற நிரல்களுக்கு.

மின்தொடர் வண்டியேறி ரிச்சி தெரு சென்று, "நினைவகம் ஒன்று வேண்டும்" என்று மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். அரிசிக் கடையில் "அரிசி வேண்டும்" என்று கேட்பது போன்ற பேதைமை! பொருத்த முயன்றபோது அது அமரவில்லை. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தப்போன வேளையில், அண்டை வீட்டு மாணவர் கையைப் பற்றினார்.

"ஐயா, அழுத்தாதீர்கள். பலகை விரிந்துவிடும். இது டி.டி.ஆர்.4. உங்கள் பொறிக்கு டி.டி.ஆர்.3 வேண்டும்."

முன்னதற்கு 288 முனைகள், பின்னதற்கு 240. அடியிலுள்ள வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். மாறிப் பொருந்திவிடக் கூடாதென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். மின்னழுத்தமும் 1.2 வோல்ட், 1.5 வோல்ட் என வேறுபடும். மறுநாள் மாற்றிவந்தேன்.

இம்முறை மாணவர் சொல்ல நான் செய்தேன். மின்கம்பியைப் பிடுங்கியபின் இயக்கு பொத்தானை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தைப் போக்கினேன். பெட்டியின் உலோக உடலைத் தொட்டுவிட்டே நினைவகத்தை எடுத்தேன். நம் விரல் உணராத நிலைமின்னே சில்லுகளைக் கெடுக்கப் போதுமாம். பொன்முலாம் பூசிய விளிம்பில் விரல் படாமல் பிடித்து, வெட்டும் மேடும் நேராக வைத்து, இருபுறமும் சமமாக அழுத்தினேன். ஒரு கொக்கி மட்டும் மூடிற்று. நான் கவனிக்கவில்லை. இயக்கியபோது திரை இருண்டே கிடக்க, 'பீப், பீப்' என்ற ஒலி மட்டும் விட்டுவிட்டு வந்தது. கை நடுங்கியது. மீண்டும் மின்சாரம் நீக்கி, கழற்றிப் பொருத்தினேன். இரு கொக்கிகளும் 'டக்' என்று மூடின. திரையில் 6 ஜிகாபைட் என்று தெரிந்தது.

மாமியை அழைத்து நாற்காலியில் அமர்த்தினேன். ஆறு பக்கங்கள் திறந்தும் பொறி நிற்கவில்லை.

"இனி அழியாதுல்ல தம்பி?" என்றார்.

"ஒவ்வொரு பாட்டுக்கும் சேமிக்கிறேன், மாமி."

திரையைப் பாராமலே, பதினொன்றில் முதற்பாடலைச் சொல்லத் தொடங்கினார்.