அப்பாவின் காற்சட்டைப் பை

அப்பாவின் நீலக் காற்சட்டையைத் துவைக்கும் முன் அதன் பையை வெளியே இழுத்து உதற வேண்டும். எங்கள் வீட்டில் அது சட்டம். மறந்தால் அம்மாவின் விரலில் இரும்புச் சுருள் ஏறிவிடும். கடைசல் இயந்திரம் சீவித் தள்ளும் இரும்பு பொடிப்பொடியாகத் தையல் ஓரத்தில் ஒளிந்து கிடக்கும். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அந்தத் தையல் மீது இழுத்து, ஒட்டிவரும் தூளைத் தீப்பெட்டியில் சேர்ப்பேன். தூளைக் காகிதத்தில் கொட்டிக் காந்தத்தை அடியில் நகர்த்தினால், அது எழுந்து நின்று நடக்கும். டிவி இல்லாத வீட்டில் எனக்கும் தம்பிக்கும் அதுதான் படம்.

கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே குவாட்டர்ஸில், அறுபதுகளில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு நேரம் சொன்னது அப்பா வேலை பார்த்த ரயில்வே பட்டறையின் சங்கு. "சங்கு ஊதப் போகுது, பசியாறிட்டுக் கிளம்புங்க" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் தெரு முழுக்கச் சைக்கிள் மணி கேட்கும். தமிழர், மலாய்க்காரர், சீனர், தெலுங்கர், மலையாளிகள், கேட்டில் காவலுக்குப் பஞ்சாபி ஜாகா. ஆபீஸ் நாற்காலி யாழ்ப்பாணத்தாருக்கு, சம்மட்டி நமக்கு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை.

மலாய் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்காக 1905 வாக்கில் ஆங்கிலேயர் எழுப்பிய மத்தியப் பட்டறை அது. உச்சத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். எஞ்சினும் பெட்டியும் பழுது பார்க்க அங்கேதான் வந்தாக வேண்டும். அதனாலேயே ஜப்பான்காரன் காலத்தில் அது குறியாகவும் ஆனது. 1945 தொடக்கத்தில் நேச நாடுகளின் பி-29 விமானங்கள் வந்து கொட்டிய குண்டுகளில் பட்டறையின் பெரும்பகுதி சிதைந்தது. தாத்தா லோங்கான் சாக்கடைக்குள் படுத்துத் தப்பித்தாராம். "கீழே ஜப்பான்காரன் வேலை வாங்குறான், மேலே வெள்ளைக்காரன் குண்டு போடுறான், நடுவுல நம்மாளு" என்பார் பாட்டி. சயாம் மரண ரயிலுக்குப் போன தன் அண்ணனைப் பற்றி மட்டும் அவர் வாயே திறந்ததில்லை.

1962 டிசம்பரில் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. நாள்கூலி வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிலாளர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைக்குப் போகவில்லை. அப்பா பகலில் வீட்டில் இருப்பதே எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மளிகைக்கடையின் 555 புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டிருந்தது அம்மாவுக்குத்தான் தெரியும்.

பட்டறைக்குள் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, அதிலும் பெண்பிள்ளை என்றால் கேட்டோடு சரி. ஓர் ஆயுத பூசைக்கு மட்டும் அப்பா என்னைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். இயந்திரங்களெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வாய்மூடி நின்றன. தரையில் பெரிய எஃகு வளையம் ஒன்று கிடந்தது. எஞ்சின் சக்கரத்துக்கு மேலே மாட்டுகிற டயராம் அது. ரப்பர் இல்லாத டயரா என்று நான் விழித்தேன். "சக்கரத்தைவிட இது மயிரிழை சின்னது. எப்படி மாட்டுவோம் சொல்லு?" எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து வளையலைத் தொட்டார். "இதுக்குச் சோப்பு, அதுக்கு நெருப்பு." சுற்றிலும் சூடேற்றினால் வளையம் விரியும், சக்கரத்தை உள்ளே இறக்கிவிட்டால் ஆறும்போது தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றார். பள்ளிக்கூடத்தில் வெப்ப விரிவு பற்றி ஆசிரியர் பாடம் எடுத்தபோது, வகுப்பில் எனக்கு மட்டும் அது பழைய சங்கதி.

எழுபதுகளில் நீராவி எஞ்சின்கள் ஓய்ந்தன. அப்பா டீசலில் கொஞ்ச காலம் ஓட்டி, ஓய்வு பெற்றார். பிறகு பட்டறை வேலையே பேராக் மாநிலத்து பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பக்கத்து ரயில்வே கட்டடம் ஒன்று 2005-இல் நாடக அரங்கமாகத் திறந்தது. பட்டறைக் கொட்டகைகளோ இன்று 'செந்தூல் டிப்போ' என்ற பெயரில் மாநாடு, கண்காட்சி, கல்யாணம் என்று வாடகைக்குக் கிடைக்கின்றன.

மகளின் நிறுவனம் நடத்திய கூட்டத்துக்காக நானும் ஒருமுறை போனேன். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சம்மட்டிச் சத்தத்துக்கென்று கட்டிய கூரையடியில் மைக்கில் பேசினால், ஒவ்வொரு சொல்லும் ஒருமுறை ஊர்சுற்றிவிட்டுத்தான் காதுக்கு வருகிறது. மேடையில் ஓர் இளைஞர் உழைப்பின் திறனை உயர்த்துவது பற்றிப் பேசினார். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பட்டறை வாடகை மண்டபமானதில் எனக்கு வருத்தம் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் இருந்த 'நூறு குவாட்டர்ஸ்' குடியிருப்பை இடித்துத் தள்ளியதைப் பார்த்தவள் நான். மாநாடு நடந்தாலும் கல்யாணம் நடந்தாலும், தூண் நிற்பதே பெரிது. ஆனால் தூணுக்குக் கீழே யார் நின்றார்கள் என்பதைக் கட்டடம் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். செந்தூல் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், எந்த இயந்திரத்தில் நின்றார், என்ன செய்தார் என்று இந்த வாரமே கேட்டு, பெயரும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள். நீராவி எஞ்சினைத் தொட்டு வேலை செய்த கடைசி ஆட்களுக்கே இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.