திறக்காத கோப்புகளும் திறந்த கடிதங்களும்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் 41 கடிதங்கள் இருக்கின்றன. 1966 முதல் 1974 வரை, கொழும்பில் இரத்தினக்கல் வியாபாரத்தில் இருந்த வாப்பாவுக்குக் காயல்பட்டினத்திலிருந்து உம்மா எழுதியவை. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியின் 28 எழுத்துகளோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகள் இட்டுச் சில எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்து நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட அரபுத்தமிழ் அது. பள்ளிக்கூடத்துத் தமிழெழுத்து அறியாத பெண்கள் பலர், ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே வீட்டுக் கணக்கும் கணவருக்குக் கடிதமும் எழுதினர். உம்மாவும் அவர்களுள் ஒருவர்.

2002ஆம் ஆண்டு இளமுனைவர் பட்டத்துக்காக அக்கடிதங்களையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டேன். ஓத அறிந்த எனக்கு அரபு எழுத்துகள் தெரியும். ஆயினும் உயிர்க்குறிகளை விடுத்து விரைந்து எழுதிய கையெழுத்தை என்னால் வாசிக்க இயலவில்லை. லுஹர் தொழுகைக்குப் பின் உம்மா வாசிப்பார். நான் கணினியில் தமிழெழுத்தில் தட்டச்சு செய்வேன். இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. கடிதங்கள் இனி அழியா என்று நிம்மதியாகக் குறுந்தகட்டில் பதிந்து, பெட்டியிலேயே வைத்துப் பூட்டினேன். உம்மா 2011இல் மறைந்தார்.

பதின்மூன்று ஆண்டுகளாக அந்தக் குறுந்தகட்டை நான் தொடவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு முடிவுக்கு வருகிறது என்ற செய்தியை ஒட்டி, கல்லூரியில் பழைய கணினிகளை மாற்றத் தொடங்கினர். வீட்டிலும் புதிய மடிக்கணினி வாங்கினேன். பழையவற்றைப் புதியதற்கு மாற்றும்போதுதான் குறுந்தகட்டின் நினைவு வந்தது. கோப்பைத் திறந்தால் திரையில் தமிழே இல்லை. ஐரோப்பிய மொழிகளின் கொம்பும் கொண்டையும் வைத்த எழுத்துகள் வரிவரியாக நின்றன. தட்டச்சு செய்த பழைய மென்பொருளை நிறுவ முயன்றேன். இந்தச் செயலி இக்கணினியில் இயங்காது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

ஏன் இயங்காது? என் மென்பொருள் 1990களின் நடுவில் வாங்கப்பட்டது. 16 பிட் நிரல். விண்டோஸின் 32 பிட் பதிப்புகள் அத்தகைய நிரல்களை இயக்குவதற்கென ஒரு பகுதியைத் தம்முள் வைத்திருந்தன. 64 பிட் பதிப்புகளில் அப்பகுதியே இல்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் உடன் கிடைத்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு அதுவும் கிடையாது. புதிய கணினிக்குள் பழைய கணினியொன்றைப் பாவனையாக உருவாக்கி, அதனுள் பழைய இயங்குதளத்தை ஓட்டும் வழி உண்டு. டாஸ் காலத்து நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளே போதும். ஆனால் என் மென்பொருளுக்கு வேறொரு பூட்டும் இருந்தது. அச்சுப்பொறி செருகும் துளையில் விரல் நீளக் கட்டையொன்றைப் பொருத்தினால்தான் அது இயங்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்க அந்நாளில் பலரும் கையாண்ட முறை. கட்டை எங்கோ தொலைந்தது. இருந்தாலும் பயனில்லை, புதிய மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை.

இது என் ஒருத்தியின் கதை அன்று. தமிழ்க் கணினி வரலாற்றின் ஒரு பகுதியே இப்படித்தான் பூட்டுண்டு கிடக்கிறது. கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்னும் உடன்பாட்டைக் குறியேற்றம் என்கிறோம். அன்றைய எழுத்துருக்களில் 256 இடங்களே உண்டு. எந்த இடத்தில் எந்தத் தமிழெழுத்தை வைப்பது என்பதில் மென்பொருள் செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் சென்றனர். இணையத்தில் கூடி விவாதித்தவர்கள் திஸ்கியை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. ஈழத்தமிழரிடையே பாமினி பரவலாக வழங்கிற்று. இவற்றுக்கு வெளியே தனித்தனி நிறுவனங்களின் தனித்தனி முறைகள் வேறு. 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடு, விண்டோஸ் 2000க்குப் பிறகே நம் கணினிகளில் மெல்ல வேரூன்றியது. 2010இல் தமிழக அரசு அதனை முறைப்படி ஏற்றது.

பொது முறைகளில் எழுதியவர்கள் தப்பித்தனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. திஸ்கியின் எழுத்துப் பட்டியல் எல்லாருக்கும் திறந்திருந்ததால் அது இயன்றது. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் எத்தனையோ பேரின் பழைய எழுத்தை மீட்டுத் தந்தன. என் கோப்பு அவற்றுள் எதற்கும் பிடிபடவில்லை. அது வெளியிடப்படாத ஒரு தனி முறை.

கல்லூரியில் கணினித் துறை மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “மிஸ், இதுல ஒரு பக்கமாவது அச்சுல இருக்கா?” இருந்தது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இரண்டு கடிதங்களை அச்சிட்டிருந்தேன். அச்சுப் பக்கத்தை ஒருபுறமும் கோப்பின் எண்களை மறுபுறமும் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். மூன்று மாலைகளில் பெரும்பாலான எழுத்துகளுக்கு எண் கிடைத்தது. பழைய எழுத்துருக்கள் தட்டச்சுப்பொறியின் வழியில் ஒற்றைக் கொம்பை முதலிலும் மெய்யைப் பிறகும் வைத்தவை. யூனிகோடோ மெய்க்குப் பின்னரே உயிர்க்குறியை வைக்கும். ‘கொ’ என்பதைப் பழைய முறை கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாக வைத்திருந்தது. இந்த வரிசையை மாற்றுவதற்கென மாணவி பைத்தானில் சிறு நிரல் எழுதினாள். தமிழ் திரையில் விழுந்தபோது அவள் கைதட்டினாள், நான் தட்டவில்லை. உம்மாவின் பேச்சு அப்படியே அங்கே நின்றது.

எனினும் ஏழெட்டு எண்களுக்கு விடை இல்லை. அச்சிட்ட இரு கடிதங்களிலும் வராத எழுத்துகள் அவை. மூலக் கடிதங்களைப் பார்க்காமல் தெளிவு பிறக்காது என்பதால் தகரப்பெட்டியோடு எங்கள் தெருவின் மூத்த பெண்மணி ஒருவரிடம் சென்றேன். எண்பதைக் கடந்தவர், நான் மாமி என்று அழைப்பவர், அரபுத்தமிழ்க் கையெழுத்தைத் தடையின்றி வாசிப்பவர். அவர் வாசிக்க, நான் திரையில் பின்தொடர்ந்தேன். ஐயங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. 1969ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவர் வாசித்துக்கொண்டே போனார். திரையில் அந்த வரிகள் இல்லை. நிறுத்தச் சொன்னேன். மாமி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இத உங்க உம்மா உனக்குப் படிச்சுக் காட்டலியா புள்ள?”

எனக்கு முன் ஓர் ஆண்குழந்தை பிறந்து நாற்பதாம் நாளில் இறந்ததை வீட்டில் எல்லாரும் அறிவோம். வாப்பா அப்போது கொழும்பில் இருந்தார்; குழந்தையைப் பார்க்கவே இல்லை. பிள்ளை உங்கள் சாடையாகவே இருந்தான், நெற்றியும் மூக்கும் நீங்களே, உங்களுக்குக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை என்று உம்மா எழுதியிருந்தார். 2002இல் எனக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரிகளைத் தாண்டிச் சென்றிருக்கிறார். குரலில் ஒரு தடுமாற்றமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓலைச்சுவடி காலத்தில் எந்த ஏடும் என்றென்றைக்கும் இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஓலை செல்லரிக்கும் என்று அறிந்தே தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்தெழுதினர். எழுதாமல் விட்டவை போயின. பெயர்த்தெழுதியவர் விட்ட அடிகளை வேறு சுவடி கண்டே உ.வே.சா. போன்றோர் நிரப்பினர். பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் இயங்குமா என்று இப்போது என்னைக் கேட்டால், சில காலம் இயங்கும், ஒருநாள் நின்றுவிடும் என்பேன். அதை எவரும் தடுக்க முடியாது. நின்றுபோகும் முன் உள்ளிருப்பதைத் திறந்த முறையொன்றுக்குப் பெயர்த்துவிட வேண்டும். பெயர்த்த பிறகும் மூலத்தை எறியக் கூடாது. நான் முதலாவதைச் செய்யத் தவறினேன். இரண்டாவது, உம்மாவின் தகரப்பெட்டியால் தானாக நடந்தது.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கதையோ ஆய்வேடோ குடும்பக் குறிப்போ உங்களிடம் இருந்தால், அக்கணினி இயங்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பக்கத்தையாவது தாளில் அச்சிட்டு உடன் வையுங்கள். நாளை திறவுகோலாகப் பயன்படும். அரபுத்தமிழ்க் கடிதங்கள் வைத்திருப்போர், வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களை வாசிக்கச் செய்யுங்கள். வாசிக்கும்போது அவர்கள் முகத்தையும் பாருங்கள்.

41 கடிதங்களும் இப்போது யூனிகோடில் இருக்கின்றன. அந்த வரிகளையும் உரிய இடத்தில் சேர்த்தேன். சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சேர்த்தேன்.