மூலைமட்டம்

செம்பூர் வீட்டின் சன்னல் சட்டங்களை நாங்களே மாற்றுவதென முடிவானபின், மரத்தைக் கோணமாக அறுக்கும் பழைய மைட்டர் ரம்பம் ஒன்றைத் தேடித் தாராவிக்குச் சென்றேன். தச்சுத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவும் உடன் வந்தார்.

முதற்கடையில் 4,500 ரூபாய் சொன்னார்கள். மோட்டாரின் ஓசை சீராக இருந்தது. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார்; ஆட்டமில்லை. பின்னர் ஒரு பலகையை நேராக அறுத்து, ஒரு துண்டைக் குப்புறப் புரட்டி மற்றதோடு சேர்த்தார். இடையே மெல்லிய ஆப்புபோல வெளிச்சம் தெரிந்தது. புரட்டினால் பிசகு இருமடங்காகிக் கண்ணுக்குப் புலப்படுமாம். ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டுகள். வெட்டுக்கு அரை பாகை தவறினாலும் கடைசி மூலை 4 பாகை விலகி நிற்கும்.

"குனியா வைத்துச் சரிசெய்துவிடலாம்" என்றார் தமிழரான கடைக்காரர். அதே கருவி அப்பாவுக்கு மூலைமட்டம். மொழியியல் படித்த நான் இரு சொற்களையும் மனத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோ, பிளேடை மூடும் காப்புறை இல்லாததைக் கவனித்துவிட்டார்.

"வேலைக்கு இடைஞ்சல் என்று எல்லாரும் கழற்றிவிடுவார்கள்."

அப்பா இடக்கையை நீட்டினார். சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. "நானும் அப்படித்தான் தம்பி கழற்றினேன்."

வேறொரு கடையில், கைப்பிடியை உயர்த்தியதும் காப்புறை தானே மூடிக்கொள்ளும் ரம்பத்தை 6,000 ரூபாய்க்கு வாங்கினோம். வீட்டில் முதல் வெட்டு என்னுடையது. கோணம் சரியா என்று கேட்டேன். அப்பா கோணத்தைப் பார்க்கவில்லை. என் இடக்கை எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.