விறாந்தையை உடைக்க முன்னம்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வீடு திருத்த யோசிக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம ஊரில் பழைய கல்வீட்டைத் திருத்தத் தொடங்கினால் முதலில் உடைபடுவது விறாந்தைதான். தூணைப் பிடுங்கி, ஓட்டைக் கழற்றி, கொங்கிறீட் ஸ்லப் போட்டு, கீழே கார் நிப்பாட்ட இடம் எடுப்பது. எங்கள் தெருவில் மட்டும் கடைசிப் பத்து வருசத்தில் ஐந்து வீட்டில் இப்படி நடந்திருக்கிறது. எங்கள் வீடு ஆறாவதாக இருந்திருக்கும்.

இது உம்மாவுக்குச் சீதனமாக வந்து, பிறகு எனக்கு வந்த வீடு. மூத்தவாப்பா 1960களில் கட்டியது. 28 அடி நீளம், 7 அடி அகலத்தில் விறாந்தை, ஆறு முதிரைத் தூண். 1978 சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தும் அந்தத் தூண்கள் அசையவில்லை என்று உம்மா சொல்லுவா. ஆனால் இப்போது இரண்டு தூணின் அடி உக்கிவிட்டது. நிலம் வெடித்து, மழைக்குத் தண்ணீர் சுவர்ப் பக்கமாக வந்து தேங்கத் தொடங்கியது. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பத்து அங்குல உயரப் படியில் இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் காக்கா வட்ஸ்அப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஸ்லப் போடுறெண்டா நான் காசு அனுப்புறன். பழசுக்கு ஒட்டுப் போட ஒரு சதமும் தர மாட்டன்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மரத்துக்குக் கறையான் வரும், ஓட்டுக்குக் குரங்கு வரும். ஆசிரியச் சம்பளத்தில் வருசா வருசம் யார் பார்ப்பது? நானும் பாதி சம்மதித்துத்தான் இருந்தேன். உம்மாதான் ஒரே ஒரு கேள்வி கேட்டா: "விறாந்த இல்லாட்டி வாற மனிசன் எங்க இரிக்கிற?"

யோசித்துப் பார்த்தேன். மீன்காரர் கூடையை இறக்கி வைப்பது விறாந்தையில். அஸருக்குப் பிறகு தெருப் பெண்கள் வந்து இருப்பது அங்கே. வாப்பாவின் ஜனாஸா அன்று ஆண்கள் நிறைந்து நின்றது அங்கே. வீட்டுக்குள் கூப்பிட முடியாத, வாசலில் நிற்க வைக்கவும் மனம் வராத எத்தனையோ பேருக்கு அதுதான் இடம். 2022 இல் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்லப் வீடுகள் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவில் கக்கியதால் உள்ளே இருக்க முடியாமல், அந்த வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் விறாந்தையில் வந்துதான் படித்தார்கள். ஓஎல் பிள்ளைகள் மூன்று பேர், ஒரு சார்ஜ் லைட்.

காக்காவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. சீட்டுக் காசு கையில் வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

வந்த ஓடாவி வயதானவர். ஆறு தூணையும் சுத்தியலால் தட்டிக் கேட்டார், அடியில் ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்த்தார். "டீச்சர், மேல இரும்பு மாதிரிக் கிடக்கு. அடிதான் போயிருக்கு, அதுவும் ரெண்டுலதான்" என்றார். காரணத்தையும் காட்டினார். ஆரம்பத்தில் தூண்கள் நிலத்துக்கு மேலே கருங்கல்லில் நின்றிருக்கின்றன. 90களில் நிலத்தை உயர்த்தினபோது கல்லையும் தூணின் அடியையும் சேர்த்துச் சீமெந்தால் மூடியிருக்கிறார்கள். அதற்குள் இறங்கின தண்ணீர் காய வழியில்லை. முப்பது வருசம் மரம் ஈரத்திலேயே நின்றிருக்கிறது. எத்தனையோ வீட்டில் "மரம் சரியில்ல" என்று தூணைப் பிடுங்கியது இந்தச் சீமெந்தால்தான் என்று நினைக்கிறேன்.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்து, ஜக் வைத்து வளையைத் தாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் தூணில் கை வைத்தது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தூண் மட்டும். உக்கின இரண்டிலும் 14 அங்குலத்தை வெட்டி, அந்த உயரத்துக்குக் கொங்கிறீட் பீடம் கட்டி, கல்வனைஸ் இரும்புப் பிடியில் தூணை இருத்தினார்கள். மரம் சீமெந்தில் முட்டாமல் இடையில் ஒரு அங்குலம் காற்று போக விட்டிருக்கிறது. மற்ற நாலு தூணையும் சுற்றியிருந்த சீமெந்தைக் கொத்தி எடுத்து, அடியைக் காய விட்டு எண்ணெய் பூசினார்கள். கடற்கரை ஊர் என்பதால் சாதாரண ஆணி, போல்ட் எதுவும் பாவிக்கவில்லை. உப்புக் காற்றுக்கு அது கெதியில் துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும்.

இரண்டு கைமரம் புதிதாக வேண்டியிருந்தது. ஒரு மரக்காலையில் முதிரை என்று தந்ததில் பாதி வெள்ளைப் பகுதி. ஓடாவி பார்த்ததுமே திருப்பி அனுப்பினார். வயிரம் பாயாத அந்த வெள்ளைதான் கறையானுக்கு முதல் சாப்பாடு. மரம் வாங்கப் போகும்போது வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிலம்: 7 அடி அகலத்துக்கு ஒரு அங்குலம் வெளிப்பக்கம் சரிவு. மினுக்கிற டைல்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஈரக் காலுக்கு வழுக்கும். சிவப்புச் சீமெந்துதான். படி: முன்பு பத்து அங்குலத்தில் இரண்டு ஏற்றம். இப்போது ஐந்து அங்குலத்தில் நாலு, பக்கத்தில் கைபிடி. உம்மா இப்போது யாரையும் கூப்பிடாமல் இறங்கிப் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறா. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

பதினெட்டு நாள் எடுத்தது. கடைசிக் கிழமையில் காக்காவின் காசு வந்தது, கேட்காமலே. கூடவே ஒரு வொய்ஸ்: "பெயின்ட் நல்லதா அடிங்க." லீவில் வந்து நின்ற நாட்களில் பகலெல்லாம் விறாந்தையில்தான் கிடந்தார். ஆனாலும் கார் மழையில் நனையுது என்று இப்பவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்!

ஸ்லப் போட்டவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வளவு சிறிது, பிள்ளைகள் கூட, மேலே ஒரு மாடி வேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஆனால் "மரம் உக்கிட்டு" என்ற ஒரே காரணத்துக்காக உடைக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் தூணின் அடியை மட்டும் கொத்திப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னம் பாருங்கள். ஓடாவியின் நம்பர் வேண்டுமானால் இன்பொக்ஸில் வாருங்கள். அவருக்கும் வேலை வேண்டும்.