மூன்று வரியையும் படிப்பவர்

மேற்கத்தியச் செவ்விசையில் பாடகருக்கோ, வயலின், செல்லோ, கிளாரினெட் கலைஞருக்கோ உடன்வாசிக்கும் பியானோ கலைஞரின் தாளில் இசை மூன்று வரிகளாக அச்சாகியிருக்கும். கீழ் இரண்டும் அவருடைய இரு கைகளுக்கு, மேல்வரி மற்றவருக்கு. வயலின் கலைஞரின் தாளிலோ வயலின் வரி மட்டும்தான். பாடகர் பெரும்பாலும் தாளே இல்லாமல் மனப்பாடமாகப் பாடுவார். ஆக, மேடையில் முழு இசையும் கண்முன் விரிந்திருப்பது ஒருவருக்குத்தான். பாடகர் ஒரு சரணத்தைத் தாண்டிவிட்டால் தாவிப்போய்ச் சேர்ந்துகொள்ளும் பொறுப்பும் அதனால் அவருடையதே.

பாட்டுக்குத் தயாராகும்போது விரலுக்கு முன்னால் வாய்க்கு வேலை வருகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களை உரக்கச் சொல்லி, பொருள் தெரிந்துகொண்டு, மேல்வரியைத் தானே பாடிக்கொண்டே வாசித்துப் பார்ப்பார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. மூச்சு எங்கே வாங்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். இன்னொரு நுட்பமும் உண்டு. பாடகரின் மெய்யொலி தாளத்துக்குச் சற்று முன்பே வந்துவிடும். உயிரொலிதான் தாளத்தின் மேல் உட்காரும். மெய்யைக் கேட்டதும் கட்டையை அழுத்துகிற புதியவர் ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்வார். பாடகர் பியானோவின் வளைவில் சபையை நோக்கி நிற்பதால் அவர் முகம் சரியாகத் தெரியாது. விலா விரிவதையும் தோள் அசைவதையும் வைத்தே அடுத்த அடியின் தொடக்கத்தைக் கணிக்கிறார்கள்.

கதேயின் கவிதைக்கு ஷூபர்ட் 1815-இல் இசையமைத்த ‘எர்ல்கோனிக்’ இந்தத் தொழிலில் எல்லோரும் அஞ்சும் பாட்டு. இரவில் குதிரை பாய்கிறது. வலது கை ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்து, மும்மூன்றாக, ஏறக்குறைய நான்கு நிமிடப் பாட்டின் பெரும்பகுதியிலும் தட்ட வேண்டும். மணிக்கட்டு இறுகினால் பாதியிலேயே கை நின்றுவிடும். ஷூபர்ட்டே இதை இரண்டிரண்டாகக் குறைத்து எழுதிய எளிய வடிவமும் இருக்கிறது. ஆனால் கைவலி சிரமத்தில் பாதிதான். கதைசொல்லி, தந்தை, மகன், பேயரசன் என நான்கு குரல்களும் ஒரே பாடகரிடமிருந்து வருகின்றன. பேயரசன் கொஞ்சிப் பேசும் இடத்தில் பியானோ பதுங்க வேண்டும், மகன் அலறும் இடத்தில் சீற வேண்டும், குதிரை மட்டும் நிற்கக் கூடாது. கேட்பவர்கள் பாடகரின் நடிப்பைப் புகழ்வார்கள். அதில் பாதி பியானோவில் நடந்திருக்கும்.

குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றுவதும் உண்டு. உயர்ந்த குரலுக்கு எழுதப்பட்ட ஷூபர்ட்டின் ‘வின்டர்ரைஸ’ பாடல்கள் இருபத்துநான்கையும் பாரிடோன்கள் எனும் நடுத்தர ஆண்குரல் பாடகர்கள் கீழிறக்கிப் பாடுகிறார்கள். அப்போது பியானோவின் இடதுகைச் சுரங்கள் தடித்து மங்குகின்றன. பெடலைக் குறைத்து, விரலை இலேசாக்கித்தான் தெளிவைக் காப்பாற்ற முடியும். மூடியைத் திறந்து வைப்பதா, பாதி சாய்ப்பதா என்பது அதற்கடுத்த கேள்வி. மூடியைச் சாய்த்தால் ஒலி குறைவதை விட நிறம்தான் அதிகம் குறைகிறது என்பதால், தேர்ந்தவர்கள் மூடியைத் தொடாமல் கையாலேயே அளவை வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

வாத்தியங்களோடு சிக்கல் வேறு. செல்லோவின் குரலும் பியானோவின் இடதுகையும் ஒரே பரப்பில் புழங்குவதால் செல்லோ எளிதில் அமுங்கிப்போகும். வயலினின் வில் திரும்பும் இடம் பாடகரின் மூச்சைப் போன்றது. பிராம்ஸ் 1894-இல் எழுதிய கிளாரினெட் சொனாட்டாக்களில் கிளாரினெட் கலைஞர் தாளில் படிக்கும் சுரம் ஒன்று, ஒலிப்பது அதற்கு ஒரு முழுச்சுரம் கீழே. ஒத்திகையில் அவர் சுரப்பெயர் சொன்னால் பியானோ கலைஞர் மனதுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். சுருதி விஷயத்தில் பியானோவால் இறங்கிவர முடியாது, மற்றவர்தான் அதோடு சேர்ந்தாக வேண்டும். ஃப்ராங்க்கின் வயலின் சொனாட்டா போன்றவற்றில் பியானோ வயலினை விடக் கடினம். அதைத் துணை வாத்தியம் என்று எப்படி அழைக்கிறார்களோ தெரியவில்லை.

சம்பளம் வரும் வேலைகளில் பெரும்பகுதி மேடையில் இல்லை. ஓபரா அரங்கில் இசைக்குழு வரும்வரை, சில வாரங்கள் முழுக் குழுவையும் ஒரே பியானோதான் ஏற்று நடிக்கும். அதை வாசிப்பவர் வராத பாடகரின் பகுதியைத் தானே பாடுவார், நடத்துநரின் கையையும் பார்ப்பார். நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டி புடாபெஸ்ட் ஓபராவில் இப்படித்தான் தொடங்கினார். போட்டித் தேர்வுகளில் கான்செர்ட்டோவின் இசைக்குழுப் பகுதியைப் பியானோவுக்குச் சுருக்கித் தந்திருப்பார்கள். பத்து விரலுக்கு அடங்காத அந்தத் தாளில் எதை விடுவது என்று அறிவதே திறமை. எல்லாச் சுரத்தையும் வாசிக்க முயல்பவர் தாளத்தைத் தொலைப்பார். இசைக்கல்லூரிகளில் பருவ முடிவில் ஒரே ஊழியர் பல மாணவர்களுக்கு அடுத்தடுத்துத் தேர்வில் வாசிக்கிறார். பாட்டுத் தேர்வுக்கு வரும் அந்நியர் தாளை நீட்டி, மேசையில் தட்டிக் காலப்பிரமாணம் காட்டிய சில நொடிகளில் தொடங்கிவிட வேண்டும்.

இந்த வேலையைத் தனிக்கலையாக ஏற்கச் செய்தவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜெரால்ட் மூர். 1962-இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே, தான் மிகச் சத்தமாக வாசிக்கிறேனோ என்று கேட்பது. 1967-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த விடைபெறும் கச்சேரியில் ஃபிஷர்-டீஸ்காவ், ஷ்வார்ஸ்கோப்ஃப், டி லாஸ் ஆங்கலெஸ் மூவரும் பாடினார்கள். கடைசியில் ஷூபர்ட்டின் பாட்டொன்றைப் பாடகரே இல்லாமல் அவர் தனியே வாசித்தார். அமெரிக்காவில் க்வென்டலின் கோல்டாஃப்ஸ்கி 1947-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கினார். இன்று பல இசைக்கல்லூரிகளில் முதுகலைப் படிப்பே உண்டு. அதில் மொழி உச்சரிப்பும், தாளைக் கண்டதும் வாசிப்பதும், சுருதி மாற்றி வாசிப்பதும் பியானோ பாடத்தோடு சேர்த்தே கற்றுத்தரப்படுகின்றன.