ஒரு குகைக்கு இரண்டு முகவரிகள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் இருக்கும் சிற்றூர் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அமைத்த குகைக்கோயில் இங்கே உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. ஆனால் அது வடமொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது! ஊர்க்காரர் அதைத் தமிழில் படிக்க வேறு எங்காவதுதான் தேட வேண்டும்.

இன்று அந்த 'வேறு எங்காவது' என்பது இணையம்தான். கல்லூரி மாணவர் ஒருவர் இக்குகைக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் வலைத்தளம் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பக்கத்தை எந்த முகவரியில் வைப்பது?

வழிகள் மூன்று.

ஒன்று, தனிக் களப்பெயர். .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகியவை 2010-11லேயே இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் இவை நாட்டைக் குறிப்பவை, மொழியை அல்ல. தமிழோ பல நாடுகளில் வாழ்கிறது. ஆண்டுதோறும் கூடுதல் கட்டணமும் உண்டு.

இரண்டு, துணைக் களம். விக்கிப்பீடியா செய்வது இது. முகவரியின் தொடக்கத்திலேயே 'டிஏ' என்ற தமிழின் மொழிக்குறி நிற்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இப்படித்தான் இயங்குகிறது.

மூன்று, துணை அடைவு. பிபிசி தமிழ் போல, தளத்தின் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு மொழியைச் சேர்ப்பது. செலவே இல்லை. மாணவருக்கு இதுதான் பொருத்தம்.

செய்யக்கூடாத நான்காவது வழி ஒன்று உண்டு. ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, உலாவியின் மொழியைப் பார்த்துப் பக்கத்தை மாற்றித் தருவது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் படிப்பவர் பலரின் கைப்பேசி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஆங்கிலப் பக்கமே வரும். கூகுளின் தேடல் நிரலோ வழக்கமாக மொழி எதையும் குறிப்பிடாமல் வருவது. அதற்குத் தமிழ்ப் பக்கம் கண்ணிலேயே படாது. மொழிபெயர்த்த உழைப்பெல்லாம் வீண்!

ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தன் மறுமொழிப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். மறுபக்கமும் திரும்பச் சுட்ட வேண்டும். இதற்கென்றே 'எச்ரெஃப்லாங்' என்ற குறிப்பு இருக்கிறது.

அடுத்த சிக்கல், ஊர்ப் பெயரை முகவரியில் எந்த எழுத்தில் எழுதுவது என்பது. ஆங்கிலத்தில் இப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் எழுதினால் குழப்பம் இல்லை. உலாவியிலும் அழகாகத் தெரியும். ஆனால் அதை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் பல நேரம் உருமாறிவிடுகிறது. ஒருங்குறியில் 'மண்டகப்பட்டு' என்பது 12 குறிகள். ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள்; ஒரு பைட்டு விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். கண்ணுக்கு எட்டு எழுத்தாகத் தெரிந்த பெயர் 108 எழுத்து நீளமாகிவிடுகிறது! பெறுபவர் வைரஸோ என்று பயந்து சுட்டியைத் திறக்காமலே விடக்கூடும்.

பகிர்வதற்கு எளிய சிறு முகவரி, பக்கத்தின் தலைப்பில் நல்ல தமிழ் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. எதைத் தேர்ந்தாலும் பிறகு மாற்றாமல் இருப்பது முக்கியம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பிவைக்க வேண்டும்.

மகேந்திரவர்மனின் கல்வெட்டு 1,400 ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருக்கிறது. அதன் தமிழாக்கம் பத்து ஆண்டாவது ஒரே முகவரியில் இருக்கட்டுமே!